பழைய மெயின்ஃப்ரேமில் பல டெலிடைப் லைன்களை இணைத்தது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1960-களில் ‘மெயின்ஃப்ரேம்’ எனப்படும் ஒரே பெரிய கணினியை இருபது, முப்பது பேர் ஒரே நேரத்தில் டெலிடைப் வழியாகப் பயன்படுத்தினார்கள் என்று படிக்கிறவர்களுக்கு அடுத்து எழும் கேள்வி, “அத்தனை கம்பிகளும் அந்தப் பெட்டிக்குள் எப்படிப் போயின?” என்பதுதான். அந்தக் கேள்வியையும் அதன் கிளைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்த கதை. எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் பிட் கணக்கு மட்டும் வரும், அதைத் தவிர்த்துவிட்டால் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

டெலிடைப்பை ஏன் கணினிக்குத் தேர்ந்தெடுத்தார்கள்?

ஏற்கெனவே இருந்தது என்பதால்தான். தந்தி நிறுவனங்களும் செய்தி நிறுவனங்களும் பல்லாண்டுகளாகப் பயன்படுத்திவந்த இயந்திரம் அது. இங்கே விசையைத் தட்டினால் கம்பியின் மறுமுனையில் காகிதத்தில் அச்சாகும். விசைப்பலகை, அச்சு, தூரத்துக்கு அனுப்பும் திறன் மூன்றும் ஒரே கருவியில், தாங்கக்கூடிய விலையில் கிடைத்தன. 1963-இல் வந்த டெலிடைப் 33 எழுத்துகளை எண்களாகக் குறிக்கும், அப்போதுதான் வெளியாகியிருந்த அஸ்கி குறியீட்டைப் பயன்படுத்தியது. ஏஎஸ்ஆர் என்ற வகையில் துளை நாடாவைப் படிக்கவும் துளையிடவும் பக்கவாட்டில் ஒரு கருவி இருக்கும். பெரிய எழுத்து மட்டும், வரிக்கு 72 எழுத்து, காதைப் பிளக்கும் சத்தம். ஆனாலும் நிரலைத் துளையிட்ட கார்டுகளாக அடுக்கிக் கொடுத்துவிட்டு மறுநாள் வரை முடிவுக்குக் காத்திருந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை.

அந்தக் கம்பியில் உண்மையில் என்ன போகிறது?

மின்னோட்டம் ஓடுகிறதா, நிற்கிறதா என்பது மட்டும்தான். 20 அல்லது 60 மில்லிஆம்பியர் ஓட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஓட்டம் இருந்தால் 1, நின்றால் 0. இப்படி ஒரு 1 அல்லது 0-தான் ஒரு பிட்.

யாரும் தட்டச்சு செய்யாத நேரத்தில் ஓட்டம் இருந்துகொண்டே இருக்கும். ஒரு விசையைத் தட்டியதும் முதலில் ஒரு பிட் நேரத்துக்கு ஓட்டம் நிற்கும்; ‘எழுத்து வருகிறது’ என்பதற்கு அதுவே அறிவிப்பு. அதன் பிறகு எட்டு பிட்டுகள், கடைசியில் இயந்திரம் நிதானித்து நிற்பதற்காக இரண்டு பிட் நேரம் ஓட்டம். ஆக ஓர் எழுத்துக்கு 11 பிட் நேரம். வேகம் நொடிக்கு 110 பிட். 110-ஐ 11-ஆல் வகுத்தால் நொடிக்கு 10 எழுத்து. ஒரு பிட் சுமார் 9 மில்லி நொடி நீடிக்கும்.

எழுத்தைப் பெறும் முனை செய்ய வேண்டியது இது: ஓட்டம் நின்ற கணத்தைக் கவனித்து, அரை பிட் நேரம் பொறுத்து, அது நிஜமான தொடக்கம்தானா என்று பார்த்து, அப்புறம் ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் கம்பியை ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். இரு முனைகளின் கடிகாரங்களும் சுமார் 5 சதவீதத்துக்கு மேல் விலகினால், கடைசிப் பிட்டை எட்டும்போது நடுவைத் தவறவிட்டு விடுவோம். டெலிடைப்புக்குள் இந்த வேலையை மோட்டாரும் அது சுழற்றும் பாகங்களும் செய்தன. கணினியின் பக்கத்தில் யார் செய்வது என்பதுதான் இனி வரப்போகும் எல்லாப் பதில்களுக்கும் அடிநாதம்.

நொடிக்கு 10 எழுத்துதானே? மெயின்ஃப்ரேமுக்கு அது ஒரு சுமையா?

எல்லோரும் கேட்பது இதைத்தான், நியாயமான கேள்வியும்கூட. ஐபிஎம் 7090 மெயின்ஃப்ரேமுக்கு ஒரு நினைவகச் சுழற்சி, அதாவது நினைவகத்தை ஒருமுறை தொட்டுவர ஆகும் நேரம், 2.18 மைக்ரோ நொடி. டெலிடைப்பிலிருந்து ஓர் எழுத்து வந்து அடுத்தது வருவதற்குள் அந்த இயந்திரம் 45,000 சுழற்சிகளுக்கு மேல் முடித்துவிடும். வேகத்தில் குறை ஒன்றும் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அந்தக் காலத்து மெயின்ஃப்ரேமின் சேனல்கள், அதாவது வெளிக்கருவிகளை நினைவகத்தோடு இணைக்கும் பாதைகள், காந்த நாடாவுக்கும் கார்டு ரீடருக்கும் ஏற்றபடி செய்யப்பட்டவை. ‘இந்த இடத்திலிருந்து இத்தனை சொற்களைப் (கணினி ஒரே தடவையில் கையாளும் பிட் தொகுதிகளை) படித்துவிட்டுச் சொல்’ என்று கட்டளை கொடுத்தால், மொத்தமாக அள்ளிக்கொண்டு வரும். டெலிடைப்பில் உட்கார்ந்திருப்பவர் எப்போது தட்டுவார், எத்தனை எழுத்து தட்டுவார், நடுவில் எழுந்து காபி குடிக்கப் போவாரா, யாருக்கும் தெரியாது. நாடாவைப் போல அவரை நிறுத்திவைக்கவும் முடியாது. பிட் வரும்போது பார்த்தால் உண்டு. 9 மில்லி நொடி கழித்து அது போய்விடும்.

இப்போது 50 லைன்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் தன் போக்கில் ஓடும். பிட்டுக்கு ஒரு இன்டரப்ட் (செய்யும் வேலையை நிறுத்திவிட்டு இதைக் கவனி என்று செயலிக்கு வரும் அழைப்பு) என்றால், உள்ளே வருவதற்கு மட்டும் நொடிக்கு 5,500. ஒவ்வொரு இன்டரப்டுக்கும் ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் நிலையைச் சேமித்து, பிட்டை எடுத்து, சரியான லைனின் கணக்கில் சேர்த்து, பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். 7090 கணக்கில் ஒரு பிட்டுக்கு 80 சுழற்சிகளுக்குச் சற்று மேல் கிடைக்கும். மாத வாடகையே பல்லாயிரம் டாலர் ஆகும் இயந்திரம் தன் நேரத்தில் பெரும் பகுதியைக் கம்பியை எட்டிப் பார்ப்பதிலேயே செலவழிக்கும். வெளியே அனுப்ப வேண்டிய பிட்டுகள் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

ஒவ்வொரு லைனுக்கும் ஒரு மின்சுற்று வைத்துவிட்டால் போதாதா?

போதும். செய்தும் காட்டினார்கள். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் பிடிபி-1 கணினிகளை ஐடிடி நிறுவனம் தந்திச் செய்திகளை வாங்கி வேறு லைன்களுக்குத் திருப்பிவிடுவதற்காக வாங்கியது. அதற்காக கார்டன் பெல், வரிசையாக வரும் பிட்டுகளை முழு எழுத்தாகச் சேர்த்துக் கொடுக்கும் மின்சுற்றை வடிவமைத்தார். பின்னாளில் யூஆர்ட் என்று அழைக்கப்பட்ட சில்லின் மூதாதை அதுதான். எழுத்து முழுதாகச் சேர்ந்த பிறகே கணினியைக் கூப்பிடும் என்பதால் இன்டரப்ட் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

விலைதான் இடித்தது. அப்போது சில்லு கிடையாது, தனித்தனி டிரான்சிஸ்டர்கள். ஒரு லைனுக்கான சுற்றே கணிசமான இடத்தையும் பணத்தையும் விழுங்கும். 60 லைன் என்றால் 60 மடங்கு. அதிலும் பெரும்பாலான லைன்களில் பெரும்பாலான நேரம் யாரும் எதையும் தட்டுவதில்லை. சும்மா கிடக்கும் கம்பிக்கு இவ்வளவு செலவா என்ற யோசனையிலிருந்துதான் மற்ற வழிகள் எல்லாம் பிறந்தன.

எம்ஐடியின் சிடிஎஸ்எஸ் என்ற நேரப்பகிர்வு அமைப்பு இதை எப்படிச் சமாளித்தது?

ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு 1961 நவம்பரில் ஐபிஎம் 709-இல் முதன்முதலாக நேரப்பகிர்வை (ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதை) காட்டியபோது இருந்தவை ஃபிளெக்ஸோரைட்டர் என்ற நான்கு மின் தட்டச்சு இயந்திரங்கள். நான்கு பேர் என்றால் எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம்.

அப்புறம் 7090, 7094 என்று இயந்திரம் மாறியது, ஆட்கள் கூடினார்கள். அப்போது ஐபிஎம் 7750 என்ற பெட்டி உள்ளே வந்தது. அதுவே நிரல் ஏற்றி ஓட்டக்கூடிய ஒரு கணினி. நூற்றுக்கு மேற்பட்ட மெதுவான லைன்களைப் பார்த்துக்கொள்ளும். பிட்டுகளைச் சேர்ப்பதும், எழுத்துகளை வரிசையில் வைப்பதும் அதன் பொறுப்பு. பெரிய இயந்திரத்துக்குச் சேனல் வழியாக எழுத்துகள் மட்டும் போகும். டெலிடைப் 35, ஐபிஎம் 1050 போன்ற முனையங்கள் இதன் வழியாகத்தான் பேசின. டெலெக்ஸ், டிடபிள்யூஎக்ஸ் என்ற டெலிடைப் வலையமைப்புகளிலிருந்தும் உள்ளே வர முடிந்தது.

நூறு லைன் இணைக்கலாம் என்பதால் நூறு பேர் வேலை செய்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரே நேரத்தில் சுமார் 30 பேரைத்தான் அந்த அமைப்பு தாங்கியது. லைனின் எண்ணிக்கை ஒரு கணக்கு, நினைவகமும் செயலியும் எத்தனை பேரைத் தாங்கும் என்பது வேறு கணக்கு. பழைய விளம்பரங்கள் இந்த இரண்டையும் குழப்பிவிடுவது உண்டு.

டார்ட்மத் கல்லூரியில் மட்டும் வேறு மாதிரி செய்தார்கள் என்கிறார்களே?

ஆமாம். என்னைக் கேட்டால் இந்தக் கதையிலேயே அழகான பகுதி இதுதான்.

ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் இருவரும் கணிதப் பேராசிரியர்கள். எல்லா மாணவர்களும் கணினியைத் தொட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திடமிருந்து இரண்டு இயந்திரங்கள் வந்தன. ஒன்று ஜிஇ-225, கணக்குப் போடுவதற்கு. இன்னொன்று டேட்டாநெட்-30, லைன்களைக் கவனிப்பதற்கு. அந்த இரண்டாவது இயந்திரம் 18 பிட் சொற்கள் கொண்ட ஒரு சிறு கணினி. இரண்டும் ஒரே வட்டைப் பகிர்ந்துகொண்டன. இயக்க மென்பொருளில் பெரும்பகுதியை எழுதியவர்கள் இளநிலை மாணவர்கள். ஜான் மெக்கீச்சியும் மைக்கேல் புஷ்ஷும் அவர்களில் முக்கியமானவர்கள்.

டேட்டாநெட்டில் ஓடிய நிரலுக்கு இரண்டு பாகம். ஒன்று நேரம் தவறக்கூடாத வேலை. கடிகாரம் நொடிக்கு 110 முறை இன்டரப்ட் தரும். ஒவ்வொரு முறையும் எல்லா டெலிடைப்புகளையும் ஒரு சுற்று பார்த்துவிட வேண்டும். பந்தியில் சாம்பார் வாளியோடு நடப்பவர் போல: ஆள் இலையை நிமிர்ந்து பார்க்கிறாரோ இல்லையோ, இவர் எல்லா இலையையும் தாண்டி முடித்தாக வேண்டும், அடுத்த சுற்று தயாராக நிற்கிறது. பிட்டுகள் சேர்ந்து எழுத்தாகும், எழுத்துகள் சேர்ந்து வரியாகும். இரண்டாவது பாகம், அந்தச் சுற்றுகளுக்கு இடையே மிச்சப்படும் நேரத்தில் மெதுவாகச் செய்யும் வேலைகள்.

வரி முடிந்ததற்கான ரிட்டர்ன் விசை வந்ததும் டேட்டாநெட் அந்த வரியைப் பார்க்கும். எண்ணில் தொடங்கினால் அது நிரலின் ஒரு வரி; வைத்துக்கொண்டால் போதும், வேறொன்றும் செய்ய வேண்டாம். எண் இல்லாவிட்டால் கட்டளை: ரன், லிஸ்ட், சேவ் என்று ஏதாவது. அதை ஓய்வுநேர வேலைப் பட்டியலில் சேர்க்கும். பேசிக் மொழியில் ஒவ்வொரு வரிக்கும் எண் கொடுத்த பழக்கம் இந்த ஏற்பாட்டோடு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள். மாணவர் நிரலைத் தட்டிக்கொண்டிருக்கும் பத்து நிமிடமும் பெரிய இயந்திரத்துக்கு அவர் இருப்பதே தெரியாது. அவர் ரன் என்று தட்டும்போதுதான் டேட்டாநெட் அதற்கு வேலை கொடுக்கும்.

அதாவது, யஜமானன் சிறிய இயந்திரம், வேலையாள் பெரிய இயந்திரம். எந்த நிரல் எப்போது ஓட வேண்டும் என்று முடிவெடுத்தது டேட்டாநெட்தான். எம்ஐடியில் 7750 வாசலில் நின்ற காவலாளி. இங்கே வாசலில் நின்றவரே வீட்டை நடத்தினார்.

1964 மே 1, விடிகாலை நான்கு மணி வாக்கில் இரண்டு டெலிடைப்புகளிலிருந்து இரண்டு பேசிக் நிரல்கள் ஒரே நேரத்தில் ஓடிச் சரியான விடை தந்தன. அந்த இலையுதிர் காலத்திலேயே நூற்றுக்கணக்கான முதலாண்டு மாணவர்கள் இருபது டெலிடைப்புகளில் உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குள் ஜிஇ-225-க்குப் பதிலாக ஜிஇ-235 வந்திருந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் இந்த ஜோடியை ஜிஇ-265 என்ற பெயரில் விற்றது. 235-உம் 30-உம் சேர்ந்தால் 265. பெயர் வைத்தவர்கள் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

சிறு கணினியே எல்லா பிட்டுகளையும் எண்ண முடியுமா?

முடிந்தது, ஆனால் மூச்சுத் திணறலோடு. 1965-இல் வந்த பிடிபி-8 கணினியை அடிப்படையாக வைத்து 680 என்ற தொடர்பு அமைப்பை டிஜிட்டல் எக்விப்மென்ட் விற்றது. லைன் பக்கத்தில் மின்சுற்று மிகக் குறைவு. எண்ணும் வேலை செயலிக்கு.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பிட்டின் நடுவைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் ஒரு பிட் நேரத்துக்குள் பலமுறை பார்க்க வேண்டும். ஐந்து முறை என்று வையுங்கள். 64 லைன், 110 பிட், ஐந்து முறை: நொடிக்கு 35,200 பார்வை. ஒரு பார்வைக்கு 28 மைக்ரோ நொடி. பிடிபி-8-இன் நினைவகச் சுழற்சி 1.5 மைக்ரோ நொடி என்பதால், கையில் இருப்பது சுமார் 19 சுழற்சிகள். சாதாரணக் கட்டளைகளால் இதைச் செய்ய முடியாது. அதனால் ஒரு லைனைப் பார்த்து, பிட்டை எடுத்து, அந்த லைனுக்குரிய நினைவகச் சொல்லில் சேர்ப்பது வரை எல்லாவற்றையும் ஒரே அடியில் முடிக்கும் தனிக் கட்டளைகளைச் செயலியில் சேர்த்தார்கள்.

ஐபிஎம் என்ன செய்தது?

நடுவழி. சிஸ்டம்/360 என்ற தன் மெயின்ஃப்ரேம் வரிசைக்காக 2702, 2703 என்ற கட்டுப்பாட்டுப் பெட்டிகளை விற்றது. நிரல் ஏற்ற முடியாது, ஆனால் லைன்களை முறைவைத்துப் பார்க்கும் ஒரே ஸ்கேனர் எல்லா லைன்களுக்கும் பொது. ஒவ்வொரு லைனும் எந்தப் பிட்டில் நிற்கிறது என்பது ஒரு சிறு நினைவகத்தில் இருக்கும். 2702-இல் 31 லைன் வரை, 2703-இல் 176 வரை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அஸ்கி எழுத்தின் கடைசி பிட்தான், அதாவது மதிப்பு மிகக் குறைந்த வலது ஓர பிட்தான், கம்பியில் முதலில் வரும். 2702 வந்த வரிசையிலேயே பிட்டுகளை பைட்டில் அடுக்கியதால், டெலிடைப் எழுத்துகள் நினைவகத்தில் தலைகீழாகக் கிடந்தன. மென்பொருள் எழுதியவர்கள் 256 பைட் அட்டவணை ஒன்றை வைத்து, ஒரே மொழிமாற்றுக் கட்டளையில் நிமிர்த்திக்கொண்டார்கள். எப்படியும் ஐபிஎம்மின் சொந்த எழுத்துக் குறியீடான எப்சிடிக்குக்கு மாற்றத்தானே வேண்டும்.

பெரிய தொந்தரவு வேகம்தான். டெலிடைப்புக்கு 110, ஐபிஎம் 2741 தட்டச்சு முனையத்துக்கு 134.5. எந்த லைனுக்கு எந்த வேகம் என்பது பெட்டிக்குள் கட்டிவைக்கப்பட்டிருந்தது. அதனால் எல்லாருக்கும் ஒரே தொலைபேசி எண் கொடுக்க முடியாது. உங்கள் முனையத்துக்கு ஏற்ற எண்ணைத்தான் கூப்பிட வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேவிட் மில்ஸ் 2702-ஐ எடுத்துவிட்டு, ஒரு பிடிபி-8-ஐ 360/67-இன் சேனலில் நேரடியாக மாட்டினார். ஐபிஎம் சேனலில் வேறொருவர் செய்த கருவியைச் செருகுவது அப்போது கேள்விப்படாத துணிச்சல். இதே மில்ஸ்தான் பின்னாளில் இணையத்தின் கடிகாரங்களைச் சரிசெய்யும் என்டிபி நெறிமுறையை உருவாக்கினார்.

தொலைவில் இருக்கும் டெலிடைப்பை எப்படி இணைப்பார்கள்?

கட்டடத்துக்குள் என்றால் கம்பி இழுத்தால் போதும். ஊருக்கு அப்பால் என்றால் தொலைபேசி லைன், பிட்டுகளை ஒலியாக மாற்றி அனுப்பும் மோடம். பெல் 103 மோடம் நொடிக்கு 300 பிட் வரை இரு திசையிலும் ஒரே நேரத்தில் அனுப்பியது. கூப்பிடுகிறவர் 1070, 1270 ஹெர்ட்ஸ், பதில் சொல்கிறவர் 2025, 2225 ஹெர்ட்ஸ். நான்கு விசில் சத்தங்கள், அவ்வளவுதான். தொலைபேசிக் கம்பியில் வெளியார் கருவியை மாட்ட அனுமதி இல்லாத நாட்களில், ரிசீவரை இரண்டு ரப்பர் குழிகளில் அழுத்தி வைத்து ஒலியாகவே அனுப்பினார்கள். 1968-இல் கார்ட்டர்ஃபோன் வழக்கின் தீர்ப்புக்குப் பிறகுதான் அமெரிக்காவில் அந்தக் கதவு திறந்தது.

நான் தட்டும் எழுத்தை என் காகிதத்தில் அச்சிடுவது யார்?

இரண்டு வழக்கங்கள் இருந்தன. அரை இருவழி முறையில் டெலிடைப்பே தான் அனுப்புவதை அச்சிட்டுக்கொள்ளும். முழு இருவழி முறையில் விசைப்பலகைக்கும் அச்சுக்கும் தொடர்பே இல்லை. எழுத்து கணினி வரை போய்த் திரும்பி வந்தால்தான் அச்சாகும். லைனில் கோளாறு இருந்தால் தவறான எழுத்து கண் முன்னே அச்சாகிவிடும், கடவுச்சொல்லை அச்சிடாமல் விடலாம். பதிலுக்கு, ஒவ்வோர் எழுத்துக்கும் கணினிப் பக்கம் வேலை இரட்டிப்பாகும். ஐபிஎம் உலகம் முதலாவதையும், டிஜிட்டல் எக்விப்மென்ட் உலகம் இரண்டாவதையும் பிடித்துக்கொண்டன. யூனிக்ஸ் என்ற இயக்க மென்பொருள் பிடிபி இயந்திரங்களில் பிறந்ததால் இன்றும் டெர்மினலில் இரண்டாவது முறைதான்.

வரி முடிந்ததும் ஏன் இரண்டு குறிகள், அப்புறம் வெற்று எழுத்துகள்?

அச்சிடும் பாகத்தைத் தாங்கும் வண்டி வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்குத் திரும்ப ஓர் எழுத்து நேரத்துக்கு மேல் பிடிக்கும். அதற்குள் அடுத்த எழுத்து வந்தால் நடுவழியில் எங்காவது அச்சாகிவிடும். அதனால் முதலில் வண்டி திரும்பும் குறி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே காகிதத்தை நகர்த்தும் குறி, அதற்கும் மேல் ஓரிரு வெற்று எழுத்துகள். பல லைன்களைக் கவனிக்கும் நிரல், ஒவ்வொரு முனையத்துக்கும் எத்தனை வெற்று எழுத்து தேவை என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது.

லைன் அறுந்துவிட்டால் கணினிக்கு எப்படித் தெரியும்?

ஓட்டம் நின்றுவிட்டால் அது முடிவில்லாத 0. டெலிடைப் பக்கத்தில் இயந்திரம் எதையும் அச்சிடாமல் கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். அறையில் இருப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். கணினிப் பக்கத்தில், நிற்க வேண்டிய பிட் வரவில்லை என்பதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். இதையே வேண்டுமென்று சிறிது நேரத்துக்குச் செய்வதுதான் பிரேக் விசை.

தொலைபேசி லைனில் ஆபத்து இன்னும் மோசம். ஒருவர் வெளியேறாமல் ரிசீவரை வைத்துவிட்டார், கணினி கவனிக்கவில்லை என்றால், அடுத்து அதே லைனில் கூப்பிடுகிறவர் முந்தியவரின் கணக்கிலேயே போய் விழுவார். மோடம் தரும் ‘கேரியர் இல்லை’ (மறுமுனையின் ஒலி நின்றுவிட்டது) என்ற அறிகுறியைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று ஒவ்வோர் இடத்திலும் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். யார் பேசுகிறார் என்று கேட்க இன்னொரு வழியும் இருந்தது: கண்ட்ரோல்-ஈ அனுப்பினால், டெலிடைப்புக்குள் இருக்கும் சிறு உருளை, அதில் பதித்த 20 எழுத்து அடையாளத்தைத் திருப்பி அனுப்பும்.

இந்தத் தலைவலி எப்போது தீர்ந்தது?

1970-களின் தொடக்கத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் யூஆர்ட்டை ஒரே சில்லில் அடக்கியதும் லைனுக்கு ஒரு சுற்று என்பது மலிவாகிவிட்டது. பிடிபி-11-க்கான டிஎச்11 பலகை 16 லைன்களைப் பார்த்துக்கொண்டது. வரும் எழுத்துகள் 64 இடமுள்ள ஒரு வரிசையில் காத்திருக்கும், போகும் எழுத்துகளை அதுவே நினைவகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். பெரிய இயந்திரங்களின் பக்கம் ஐபிஎம்மும் 1972-இல் 3705 என்ற நிரல் ஏற்றும் பெட்டிக்கு வந்து சேர்ந்தது.

இன்று இதை ஓட்டிப் பார்க்க முடியுமா?

முடியும். பழைய கணினிகளைப் போலவே நடந்துகொள்ளும் சிம்ஹெச் என்ற இலவச எமுலேட்டர் மென்பொருளில் பிடிபி-8, பிடிபி-11 எல்லாம் ஓடும். பல லைன் பலகை ஒன்றை இயக்கி, டெல்நெட் என்ற வலையமைப்பு இணைப்பு வழியாக நாலைந்து சன்னல்களில் உள்ளே போகலாம். சிடிஎஸ்எஸ் அமைப்பையும் 7094 எமுலேட்டரில் உயிர்ப்பித்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: டெல்நெட்டில் எழுத்து முழுதாகவே வந்து இறங்கும். பிட்டின் நடுவைத் தேடும் வேலை அங்கே இல்லை. அதையும் செய்து பார்க்க ஆசை என்றால், ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையில் யூஆர்ட்டைப் பயன்படுத்தாமல், சாதாரண முனை ஒன்றை நொடிக்கு 110 பிட் வேகத்தில் நீங்களே எண்ணிப் படிக்கும்படி நிரல் எழுதுங்கள். ஒரு லைன் ஓடியதும் எட்டு லைனுக்கு விரியுங்கள்.